விட்டுவிட்டுப் போனவன்

நண்பன் ஒருவனுக்கு ஒரு கிராஃபிக் நாவலைக் கொடுத்தேன். ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுக் காலையில் போன் செய்தான். "மச்சி, இவன் என்ன லூசா? இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்திருந்தா எங்கேயோ போயிருப்பான். பீட்டில்ஸ்டா!"

அர்னே பெல்ஸ்டார்ஃப் 2010இல் ஜெர்மனில் வெளியிட்ட 'பேபிஸ் இன் பிளாக்'தான் அந்தப் புத்தகம். முழுக்கக் கறுப்பு வெள்ளை. 1960, ஹாம்பர்க். கைசர்கெல்லர் என்ற நிலவறை கிளப்பில் லிவர்பூல் பையன்கள் ஐந்து பேர் ராத்திரி முழுக்க வாசிக்கிறார்கள். பேஸ் கிட்டாரோடு நிற்பவன் ஸ்டூவர்ட் சட்கிளிஃப். ஓவியன். பேஸ் சுமாராகத்தான் வரும். ஆஸ்ட்ரிட் கிர்ஷெர் என்ற புகைப்படக் கலைஞரை அங்கே கூட்டி வருவது அவளுடைய காதலன் கிளவுஸ் ஃபோர்மன். நவம்பரிலேயே அவளுக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் நிச்சயம் ஆகிவிடுகிறது. (கிளவுஸைப் பற்றித் தனியாகவே எழுதலாம். காதலியை இழந்த பிறகும் எல்லோருக்கும் நண்பனாக இருந்தான். 1966இல் 'ரிவால்வர்' ஆல்பத்தின் அட்டையை வரைந்தது அவன்தான்.)

1961இல் ஸ்டூவர்ட் குழுவை விட்டு விலகி, ஆஸ்ட்ரிட்டோடு ஹாம்பர்க்கில் தங்கி, அங்கேயே கலைக்கல்லூரியில் சேர்கிறான். 1962 ஏப்ரல் 10 அன்று மூளையில் ரத்தக்கசிவு. வயது 21. பீட்டில்ஸின் 'லவ் மீ டூ' அதே வருஷம் அக்டோபரில் வந்தது.

அப்போ அவன் எடுத்த முடிவு தப்பா?

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் ஒரு சிக்கலை முன்வைத்தார். குடும்பத்தைக் கைவிட்டு வரையப் போகிறான் ஒரு ஓவியன். அவன் செய்தது சரியா என்பதைப் பின்னால் வரும் வெற்றிதான் சொல்லும். கிளம்பும்போது அவனுக்கே தெரியாது. இது கேட்கவே கொஞ்சம் அநியாயமாக இருக்கிறது. ஆனால் வில்லியம்ஸ் இன்னொன்றும் சொல்கிறார், எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். போகிற வழியில் விபத்தில் சிக்கி அவனால் வரைய முடியாமல் போனால், அவன் முடிவு பொய்த்துவிட்டது என்று சொல்ல முடியாது. வரைய வராது என்று தெரிந்தால்தான் அது பொய்த்தது.

ஸ்டூவர்ட்டுக்கு வரைய வந்தது. அந்தக் காதலும் பொய்க்கவில்லை. நடுவில் வந்தது மரணம். என் நண்பன் சொல்கிற புகழும் காசும் அவன் போட்ட கணக்கிலேயே இல்லை. அது நாம் பின்னாலிருந்து போடும் கணக்கு. அவன் விட்டுப்போனது உலகப்புகழ் பெற்ற குழுவை அல்ல, கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த நாலு பையன்களை.

இதை அவனிடம் சொன்னேன். அவனும் காலேஜில் ஒரு பேண்டில் டிரம்ஸ் வாசித்தவன்தான். வேலை கிடைத்ததும் விலகிவிட்டான். அது ஆறே மாதத்தில் கலைந்தும் போனது. "நல்லவேளை, தப்பிச்சேன்" என்று இன்றும் சொல்வான்.

"ஒருவேளை அது ஹிட் ஆகியிருந்தா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "புக்கை இன்னும் ரெண்டு நாள் வச்சுக்கட்டுமா?" என்றான்.