காலைத் தூக்கம் யாருக்கு?

உண்மை சொல்வதா, பொய் சொல்வதா. கொடுத்த வாக்கைக் காப்பதா, விடுவதா - இவைதாம் தர்மசங்கடங்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவற்றை ஹரிச்சந்திரனும் தருமபுத்திரனும் நமக்காகப் போதுமான அளவு பட்டுவிட்டார்கள். காலைப் பத்து மணிக்கு வீட்டுக்குள், தூளிக்குப் பக்கத்தில் நடக்கிற ஒரு சங்கடம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் புராணம் எழுதவில்லை.

ஒன்றே கால் வயசுக் குழந்தை. நேற்றுவரை காலையில் ஒரு தூக்கம், மத்தியானம் ஒரு தூக்கம். இன்று தூளியில் போட்டால் துணியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறது. அதைத் தட்டித் தட்டித் தூங்கவைப்பதா, இறக்கி விடுவதா?

இதில் தர்மம் எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். முதலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. அதற்குப் பகல், இரவு என்ற வித்தியாசம் கிடையாது. மாதங்கள் போகப் போக இரவுத் தூக்கம் நீளுகிறது. பகல் தூக்கம் நாலாகி, மூன்றாகி, இரண்டாகிறது. பெரும்பாலான குழந்தைகள் 12 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் நடுவில் காலைத் தூக்கத்தை விட்டு, மத்தியானத் தூக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கின்றன. சுவிட்சர்லாந்தில் அலெக்சாண்டர் போர்பேய் என்ற விஞ்ஞானி 1982-ல் தூக்கத்துக்கு ஒரு விளக்கம் சொன்னார். விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் உடம்பில் தூக்கத்துக்கான பசி ஏறிக்கொண்டே போகிறது. அத்துடன் உள்ளே ஒரு கடிகாரமும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்துதான் நம்மைச் சாய்க்கின்றன என்றார். கைக்குழந்தைக்கு அந்தப் பசி மளமளவென்று ஏறுகிறது. மூளை வளர வளர, ஏறும் வேகம் குறைகிறது. நேற்றுக் காலையில் பத்து மணிக்கே வந்த பசி இன்று பன்னிரண்டுக்குத்தான் வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் வீட்டில் அது அவ்வளவோடு நிற்பதில்லை. "தூங்கற புள்ளைதான் வளரும்" என்பாள் பாட்டி. "புஸ்தகத்தில் பதினைந்து மாதம் என்று போட்டிருக்கிறது" என்பான் அப்பன். அம்மா ஒன்றும் சொல்வதில்லை; விடாமல் தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் ஆட்டுவது குழந்தைக்காக என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் குளிக்கிறாள், துணி அலசுகிறாள், ஆறின காபியைக் குடிக்கிறாள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்க்கிறவளானால், வேலை நடப்பதே அந்த ஒரு மணியில்தான். தூளி நிற்கும்போது அவளுடைய நாளில் ஒரு துண்டு உடைந்து விழுகிறது.

கும்பகோணத்துக்குக் கிழக்கே எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருக்கிறார். சென்ற வருஷம் அவரைப் பார்த்தபோது, "எங்க பேரன் இருபோகத்திலேருந்து ஒருபோகத்துக்கு மாறிட்டான் தம்பி" என்றார்.

"ஏன், மேட்டூர்லே தண்ணி விடலியா?" என்றேன்.

"கண்ணுலே தண்ணிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லே" என்று சிரித்தார்.

தஞ்சைச் சீமைக்காரரிடமிருந்துதான் இந்த உவமை வர முடியும். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தால் குறுவை. நூற்றுச் சொச்சம் நாளில் அறுத்துவிட்டு அதே வயலில் தாளடி. தண்ணீர் தாமதமானால் குறுவை போயிற்று; நீண்ட நாள் பயிரான சம்பா ஒன்றுதான். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. மறுபடி 2020-ல்தான் திறந்தார்கள். ஆழ்துளைக் கிணறு இல்லாமல் ஆற்றை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அந்த எட்டு வருஷமும் குறுவை என்பது பேச்சில்தான் இருந்தது.

உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. வயல் ஒருபோகமாவது வறுமையினால். குழந்தை ஒருபோகமாவது செழிப்பினால். வயலுக்கு ஒன்று போய்விட்டது. குழந்தைக்கு, விழித்திருந்து எறும்பையும் காக்காயையும் பார்க்க ஒரு காலைப்பொழுது கிடைத்திருக்கிறது. நாம்தான் வயல்காரனுடைய முகத்தை வைத்துக்கொண்டு அதன் எதிரில் நிற்கிறோம்.

நம்முடைய பிள்ளைத்தமிழ்ப் புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வைத்தீசுவரன் கோவில் முருகன்மீது குமரகுருபரர் பாடிய முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். தாலப் பருவத்தில் தாலாட்டுகிறார். சப்பாணியும் முத்தமும் கடந்து வருகைப் பருவம் வந்ததும் வா என்று கூப்பிடத் தொடங்குகிறார். வருகைப் பருவம் ஏறக்குறைய ஒரு வயசு நிறைகிற சமயம். அதற்குப் பிறகு தாலாட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. குழந்தை எந்தப் பருவத்தில் இருக்கிறதோ அந்தப் பருவத்துப் பாட்டைப் பாடுவதுதான் புலவருக்கு மரியாதை.

ஆனால் புலவருக்குக் குழம்பு கொதிக்கவில்லை. துணி ஊறவில்லை. அம்மாவுக்கு இரண்டும் உண்டு. ஆகவே "குழந்தையின் இஷ்டப்படி விடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு நாம் பேப்பர் படிக்கப் போனால், அதற்குப் பெயர் தர்மம் இல்லை. நஷ்டத்தை அவள் கணக்கில் எழுதிவிட்டு, புண்ணியத்தை நம் கணக்கில் எழுதிக்கொள்வது.

அந்த நஷ்டத்தை யாரும் ஏற்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'காட்ஃப்ரே மருந்து' என்று ஒரு பாகு விற்றார்கள். அபின் கலந்தது. வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் குழந்தைகள் அதைக் குடித்துவிட்டுத் தூங்கின, சில எழுந்திருக்கவேயில்லை. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனதை 1920-களில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார்களைப் பழிக்க எனக்கு நாக்கு எழவில்லை. ஆலைக்கு வேண்டியிருந்தது அவர்களுடைய நேரம். அந்த நேரத்தைக் குழந்தையின் உடம்பிலிருந்து எடுத்துத்தான் கொடுக்க முடிந்தது.

நம் பக்கத்தில் வயல் வரப்போரத்து மரக்கிளையில் தூளியைக் கட்டிவிட்டு நடவுக்கு இறங்கிய பெண்களும் அதே கணக்கில்தான் நின்றார்கள். காலில் சேறு, கையில் நாற்று, காது மட்டும் தூளியில். குழந்தை காலைத் தூக்கத்தை விட்டுவிட்டால் அவளுக்கு அது வளர்ச்சி அல்ல; கூலி. வரப்பில் தவழ்கிற குழந்தைக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது.

2005-ல் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை இயற்றியவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். வேலைக்கு வரும் பெண்களுடன் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 5 பேரோ அதற்கு மேலோ வந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தியைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நியமிக்க வேண்டும், அவளுக்கும் கூலி உண்டு என்று எழுதினார்கள். ஏட்டில் எழுதியது எல்லா இடத்திலும் நடந்ததா என்பது வேறு வழக்கு. குழந்தை விழித்திருப்பதற்கு ஆகிற செலவைத் தாய் ஒருத்தி மட்டும் தாங்க வேண்டியதில்லை என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது. அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சட்டம் வரப்புவரை வந்தது. கூடத்துக்குள் அது வராது. அங்கே நாம்தான் வர வேண்டும். காலைத் தூக்கத்தை விடுகிற அந்த இரண்டு மூன்று வாரங்கள் இழுபறியாகத்தான் இருக்கும். ஒரு நாள் இரண்டு தூக்கம், மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் சாயங்காலம் முழுவதும் சிணுங்கல். பகல் சோற்றைச் சற்று முன்னால் கொடுத்து, பதினொன்றரைக்கே தூங்க விட்டு, அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மத்தியானத்துக்குத் தள்ள வேண்டும். இரவில் சீக்கிரம் படுக்க வைக்க வேண்டும். இதெல்லாம் பாட்டிகளுக்குப் புஸ்தகம் இல்லாமலே தெரியும்.

அவர்களுக்கும் தெரியாத ஒன்று உண்டு என்றால், பத்து மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டியது யார் என்பதுதான். அப்பன் போகலாம். தாத்தா போகலாம். கதை எழுதுகிறேன் என்று சாய்வு நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருக்கும் மாமாவும் தாராளமாகப் போகலாம். அந்த ஒரு மணி நேரம் குழந்தைக்குத் தேவைப்படவில்லை. அம்மாவுக்குத் தேவையாக இருக்கிறது. அதைத் தூளியிடம் கேட்காமல் நம்மிடம் கேட்கட்டும்.