இன்னொரு பிரதி

பிரித்துப் பார்க்காத ஒரு பொருளைக் காட்டி, "அதுவேதான் இது" என்று சொன்னால் அது பொய்யாகுமா? வக்கீல்கள் வாதிக்க வேண்டிய கேள்வி போலத் தோன்றுகிறது. எனக்கு இது எழுந்ததென்னவோ நூலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் மேஜையருகே.

இந்நாளில் நூலகங்கள் பல ஒன்று சேர்ந்து ஒரே பட்டியலை வைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துக் கல்லூரிகள் 1967-ல் கூடி ஆரம்பித்து, 1971-ல் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஏற்பாடு இது. நம் பல்கலைக் கழகங்களுக்கும் இப்படி ஒரு பொதுப் பட்டியல் உண்டு. ஆசிரியர், தலைப்பு, வெளியிட்டவர், வருஷம், பக்கம் என்று ஒரு நூலின் விவரங்களை யாராவது ஒருவர் முதலில் எழுதி வைத்துவிடுகிறார். அதே நூலை வைத்திருக்கும் மற்றவர்கள் அதையெல்லாம் திரும்ப எழுத வேண்டியதில்லை. அந்தப் பதிவைத் தேடிப் பிடித்து, அதன் கீழே "எங்களிடமும் ஒரு பிரதி" என்று தங்கள் எண்ணைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ஒருவர் பட்ட பாட்டின் பலன் நூறு பேருக்குக் கிடைக்கிறது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, 'அதே நூல்' என்ற இரண்டு சொற்களைத் தவிர.

செஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டையின் சரித்திரத்தை ஸி. எஸ். ஸ்ரீநிவாஸாச்சாரியார் ஆங்கிலத்தில் எழுத, 1943-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் வெளியிட்டது. தலைப்புப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் பிரதியைச் சேர்த்துவிடலாம்.

அதே செஞ்சியில் ஆண்ட தேசிங்கு ராஜன் 1714-ல் ஆர்க்காட்டு நவாபோடு மோதி மாண்டான். அவன் கதை நம் கிராமங்களுக்கு ஆச்சாரியார் நூலின் வழியாகவா வந்தது? மட்டமான காகிதத்தில் பெரிய எழுத்தில் அச்சாகி, சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் விற்ற பாட்டுப் புத்தகத்தின் வழியாக வந்தது. நீலவேணிக் குதிரை பாய்கிற கட்டத்தைத் திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் புத்தகத்தை எத்தனையோ அச்சுக்கூடங்கள் எத்தனையோ தடவை போட்டிருக்கின்றன. பலவற்றில் வருஷமே கிடையாது. ஒன்றில் இருக்கும் அடி இன்னொன்றில் விழுந்து போயிருக்கலாம். யாராவது ஒரு புலவர் தம் கைச்சரக்கையும் சேர்த்திருக்கலாம். தலைப்பு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இங்கேதான் கை தானாகப் போகிறது. தேசிங்குராஜன் கதையா? அதுதான் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதே. சேர் இன்னொரு பிரதி!

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகத்தான் செய்கிறது. அலமாரியில் இடம் போதாமல் பழையதைக் கழிக்கிற நாள் ஒன்று எல்லா நூலகங்களுக்கும் வருகிறது. அப்போது பொதுப் பட்டியலைப் பார்க்கிறார்கள். ஐந்து இடங்களில் இருப்பதாகப் பட்டியல் சொல்கிறது. நம்முடையது போனால் என்ன என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த ஐந்தும் ஐந்து வெவ்வேறு பதிப்புகளாக இருந்தால், எடைக்குப் போனது உலகத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த பிரதியாகவும் இருக்கக்கூடும். போட்டவருக்கும் தெரியாது, வாங்கிய பழைய பேப்பர்காரருக்கும் தெரியாது. பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எது என்று தெரிந்திருக்கும்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஒரு நாளைக்கு இத்தனை புத்தகம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், ஸார். நாலணாப் புத்தகத்தை ஏடு ஏடாகப் புரட்டிக்கொண்டிருந்தால் என் கதி என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் உ. வே. சாமிநாதையரிடம் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஒரு சுவடி கையில் கிடைத்த பிறகும் அவர் அதே நூலுக்கு இன்னொரு சுவடி தேடிக் கட்டை வண்டி ஏறினார். பிரதிக்குப் பிரதி பாடம் வேறுபடும் என்பது அவருக்குத் தெரியும். 1894-ல் புறநானூற்றை அச்சிட்டபோதும் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அச்சிட்டார். சங்க நூலுக்கு ஒரு நியாயம், சந்தைப் புத்தகத்துக்கு ஒரு நியாயமா?

கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படி நினைக்கவில்லை. படித்தவர்கள் தூக்கியெறிந்த நோட்டீஸ்களையும் பாட்டுப் புத்தகங்களையும்கூட விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது அந்தச் சேகரத்தைக் கொண்டுதான்.

இன்னொன்றும் உண்டு. பிரதியைச் சேர்ப்பது முகம் தெரியாத ஒருவருக்கு வாக்குக் கொடுப்பது. பட்டியலைப் பார்த்துவிட்டுச் செஞ்சியிலிருந்து ஒரு மாணவன் திண்டிவனம் வழியாகப் பஸ் ஏறிச் சென்னைக்கு வருகிறான். "அது தொலைந்து ரொம்ப நாளாயிற்றே, தம்பி" என்று சொல்லி அனுப்பினால், அவனுடைய ஒரு நாளுக்கும் பஸ் சார்ஜுக்கும் யார் ஜவாப்தாரி? புத்தகம் போன அன்றே பட்டியலிலிருந்தும் அதை எடுத்திருக்க வேண்டாமா?

நண்பர் இதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தேசிங்குராஜன் கதையைப் பிரித்து, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். பட்டியலில் இருந்த பக்க எண்ணோடு ஒத்து வரவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டுப் புதிதாக ஒரு பதிவைத் திறந்து அடிக்கலானார்: "மேலட்டை இல்லை. வருஷம் தெரியவில்லை. முதல் நான்கு பக்கம் கிழிந்திருக்கிறது. பிரதி ஒன்று."