திரும்பி வரும் எண்ணம்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவரின் காரில் லண்டனுக்கு வெளியே போனபோது, உழுதுபோட்ட வயலொன்றில் இரண்டு பேரைக் கண்டோம். இருவருக்கும் அறுபது வயது தாண்டியிருக்கும். காதில் ஹெட்போன். கையில், நுனியில் வட்டத்தட்டுப் பூட்டிய நீளத்தடி. தட்டை நிலத்துக்குச் சற்று மேலே பிடித்து, இடமும் வலமுமாக வீசி வீசி அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் வேலியோடு அப்படியே நின்றுவிட்டோம். எங்கள் ஊரில் அந்தத் தடியோடு ஆள் நடக்கிற காணிக்குள் வேறு யாரும் காலை வைக்கமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் முழங்காலில் விழுந்து மண்ணைக் கிண்டத் தொடங்கினார். நாங்கள் இரண்டடி பின்வாங்கினோம். அவர் எதையோ எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சோடா ரின்னை உடைத்துத் திறக்கிற அலுமினிய வளையம். அதைப் பத்திரமாக இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த அடியை வைத்தார்.

கண்ணிவெடியைத் தவிர வேறு எதையாவது தேடி மனிதன் நிலத்தைத் தட்டிப் பார்ப்பான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இது இந்த நாட்டில் ஒரு பொழுதுபோக்கு. தோட்டக்காரனிடம் அனுமதி வாங்கி, மழையில் நனைந்து, மாட்டுச்சாணிக்குள் முழங்காலிட்டு, ரோமானியர் காலத்துத் தங்கத்தைத் தேடுவது. கிடைப்பது பெரும்பாலும் தெறி, ஆணி, துவக்குத் தோட்டாவின் பின்பக்கம், அந்த வளையம். தட்டுக்குள் இருக்கும் செப்புக்கம்பிச் சுருள் ஒரு மின்காந்தப் புலத்தை அனுப்ப, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டம் எழும்புகிறது. அதைக் கேட்டுக் கருவி கீச்சிடுகிறது. இரும்பை விட்டுவிடு என்று கருவிக்குச் சொல்லி வைக்கலாம். ஆனால் சின்னத் தங்க மோதிரமும் அலுமினிய வளையமும் ஏறத்தாழ ஒரே குரலில்தான் பேசும். வளையம் வேண்டாமென்று ஒதுக்கினால் மோதிரமும் சேர்ந்து போய்விடும். ஆகவே தங்கம் வேண்டுமென்பவர் ஒவ்வொரு வளையத்துக்கும் முழங்காலிட்டே ஆகவேண்டும். வெளிநாட்டுக் கலியாணப் பேச்சுக்களில் அலைந்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

கருவியின் பூர்வீகமே ஒரு பகிடிதான். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, உடம்புக்குள் நின்ற சன்னத்தைத் தேடித் தொலைபேசி புகழ் கிரஹாம் பெல் ஒரு கருவியைக் கொண்டுபோனார். வைத்தியரோ தான் நம்பிய பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். போதாக்குறைக்குக் கட்டில் மெத்தைக்குள் உலோகச் சுருள்கள். சன்னம் அகப்படவில்லை, ஜனாதிபதி செப்டெம்பரில் இறந்துபோனார். பிறகு இரண்டாம் உலகப் போரிலே, கண்ணிவெடி தேடுவதற்காக இதைக் கையில் தூக்கி நடக்கும் கருவியாக்கியவர் யோசெப் கொசாட்ஸ்கி என்ற போலந்துக்காரர். நாடு பறிபோனபின் ஸ்கொட்லாந்தில் வந்து தங்கியிருந்த இராணுவப் பொறியியலாளர். 1942இல் எல் அலமெய்ன் சண்டைக்கு இந்தக் கருவிகள் 500 போயின. அவர் காப்புரிமை எடுக்காமல் பிரித்தானிய இராணுவத்துக்கு அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டார். ஆறாம் ஜோர்ஜ் மன்னரிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. (இங்கே எங்களுக்கு வந்த கடிதங்கள் வேறு மாதிரியானவை.) போர் முடிந்தபின் கொசாட்ஸ்கி போலந்துக்கே திரும்பிப் போனார். இந்தக் கட்டுரையில் வருகிறவர்களில் திரும்பிப் போனவர் அவர் ஒருவர்தான் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தில் ஹொக்ஸன் என்ற கிராமத்துத் தோட்டக்காரர் ஒருவர் தன் சுத்தியலை வயலுக்குள் தொலைத்துவிட்டார். இளைப்பாறிய நண்பர் ஒருவரிடம் அந்தக் கருவி இருந்தது. சுத்தியலைத் தேடித்தரும்படி கேட்க, அவர் போய்த் தேடினார். கருவி கீச்சிட்டது. கிண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், நாணயங்கள். நாணயங்கள் மட்டும் எண்ணிப் பார்த்தபோது 14,865. விலை 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்ஸ் என்று மதித்தார்கள். சுத்தியலும் பிறகு கிடைத்தது. அதுவும் பிரித்தானிய மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தோட்டக்காரர் வேறு சுத்தியல் வாங்கியிருப்பார் என்றே நினைக்கிறோம்.

அந்தப் புதையலுக்குள் வெள்ளியில் செய்த மிளகுச் சிமிழ்கள் நான்கு இருக்கின்றன. மிளகு எங்கள் பக்கத்துச் சரக்கு. யவனர் கப்பலில் பொன் கொண்டுவந்து சேரநாட்டில் மிளகு ஏற்றிப்போன கதையைச் சங்கப் பாடல்களில் படித்தவர்கள் நாங்கள். ஒரு தங்கக் காப்பில் யூலியானா என்ற பெண்ணின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் விலாசம் இல்லை. நாணயங்களில் கடைசியாக அடித்தவை 407, 408ஆம் ஆண்டுகளுக்குரியவை. ரோமானிய ஆட்சி இந்தத் தீவைக் கைவிட்ட காலம் அதுதான். அவசரத்தில் வீசிவிட்டுப் போனதுமல்ல. மரப்பெட்டிக்குள் ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். யூலியானாவோ, அவள் வீட்டுக்காரரோ, திரும்பி வந்து எடுப்போம் என்றுதான் அடுக்கியிருக்க வேண்டும்.

எங்களைச் சிரிக்கவைத்ததும் பிறகு சிரிப்பை நிறுத்தியதும் இந்த நாட்டின் சட்டம். மண்ணுக்குள்ளிருந்து தங்கம் வந்தால் அதை விசாரிப்பவர், ஊரில் நாங்கள் திடீர் மரண விசாரணை அதிகாரி என்கிறோமே, அவரேதான். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வரும்வரை அவர் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று இருந்தது. புதைத்தவர் திரும்பி எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தாரா? ஆமென்றால், உரிமையாளர் யாரென்று தெரியாவிடத்து அது அரசுக்குரியது. தவறவிட்டதோ, இறந்தவரோடு சேர்த்து அடக்கியதோ என்றால் காணிக்காரருக்குப் போகலாம். 1939இல் சட்டன் ஹூவில் ஒரு கப்பலையே புதைத்த கல்லறை கிடைத்தபோது, ஊராட்களைக் கொண்ட ஜூரி ஒன்று கூடி, 1,300 வருடத்துக்கு முந்திய மனிதரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று ஆராய்ந்தது. இவ்வளவு பெரிய கப்பலை ஊரறிய இழுத்துவந்து புதைத்தவர்கள் திரும்பி எடுக்க நினைத்திருக்க மாட்டார்கள் என்று தீர்ப்பானது. எல்லாம் காணிக்காரப் பெண்மணிக்கென்றாயிற்று. அவர் அதை மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்.

இன்றைய சட்டம் இந்த மனசைப் பார்ப்பதில்லை. 300 வருடம் தாண்டியிருக்கிறதா, நூற்றுக்குப் பத்தாவது பொன்னோ வெள்ளியோ உண்டா, 14 நாளுக்குள் அறிவித்தீர்களா, பெரும்பாலும் அவ்வளவுதான். மியூசியம் எடுத்தால் கண்டெடுத்தவருக்கும் காணிக்காரருக்கும் வழமையாகப் பாதிப் பாதி. நிர்வாகத்துக்கு இது சுகம். ஆனால் பழைய கேள்வி எங்களை விடுவதாயில்லை. திரும்பி வரும் எண்ணம் என்பது எவ்வளவு காலத்துக்குச் செல்லும்? எண்ணியவர் இறந்தால் அதுவும் சேர்ந்து இறக்குமா, அல்லது மரவள்ளிக் கட்டை மாதிரி மண்ணுக்குள்ளேயே கிடந்து பிள்ளைகளுக்குத் தளிர்க்குமா? மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியில் இப்படி வந்து சேர்ந்த தங்கத்தின் சொந்தக்காரர்களில் ஒருவராவது திரும்பி வரவில்லை. வந்தவர்கள் தங்கள் பெட்டியைக் கிண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பார்க்க ரிக்கற் கிடையாது.

எங்கள் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது, அம்மா தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு மூடினார். அப்பா அலவாங்கால் கிடங்கு கிண்டினார். கிணற்றுக்கட்டிலிருந்து வேம்பை நோக்கி ஏழு அடி. வன்னிக்குப் போய், கொழும்புக்கு வந்து, இங்கே சேர்ந்த பிறகு அந்த ஏழு அடி பெரிய வழக்காகிவிட்டது. அப்பா நெட்டையர். அம்மா அவருடைய தோளுக்கு வரமாட்டார். நடந்து அளந்தது யார்? தான்தான் என்று அம்மா. கிண்டியவனுக்குத் தெரியாதா என்று அப்பா. இரண்டு பேரும் இந்த வழக்கைத் தீர்க்காமலே லண்டனில் கண்ணை மூடினார்கள். ஒரு முறை மருமகன் இந்தக் கருவியொன்றை வாங்கிக்கொண்டு போவோமென்றான். அதைக் கட்டுநாயக்காவில் என்னவென்று சொல்வது என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. ஷெல் துண்டும் தகரமும் ஆணியும் நிறைந்த அந்தக் காணியில் கருவி வாய் மூடாமல் கத்தியிருக்கும் என்பது வேறு.

வீட்டில் இப்போது இருப்பவர்கள் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்ட ஒரு குடும்பம். தங்கள் காணிக்குப் போகமுடியாமல் எங்கள் காணியில் வந்து குந்தியவர்கள். வேம்பு புயலில் விழுந்ததென்று அவர்கள்தான் அறிவித்தார்கள். கிணற்றை இறைத்து, கூரையை மேய்ந்து, வாழை வைத்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த மண்ணோடு கிடக்கிறார்கள். இங்கிலாந்துச் சட்டத்தின் நியாயப்படி பார்த்தால்கூட அவர்களுக்கு ஒரு பாதி சொல்லத் தோன்றும். எங்கள் உரிமையெல்லாம், அம்மா ரின்னை மூடும்போது மனதில் நினைத்த ஒரு நினைப்பு. அவர்களிடம் ரின் கதையை நாங்கள் சொல்லவில்லை. அவர்களும் கேட்டதில்லை. ஆனால் ஊரில் எந்தக் காணிக்குள் எது கிடக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும்.

போன மாசி மாதம் அந்தப் பெரியவர் ரெலிபோன் எடுத்தார். பழைய கக்கூஸ் கிடங்கு நிரம்பிவிட்டதாம், புதிதாக ஒன்று வெட்டவேண்டுமாம். வசதியான இடம் கிணற்றுக்கும் பட்ட வேம்புக் குற்றிக்கும் நடுவில். குடிக்கிற கிணற்றுக்குக் கிட்ட எப்படி வெட்டுவது என்று நாங்கள் சுகாதாரம் பேசினோம். அவர் கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அது கிடக்கட்டும். தம்பியவைக்குத் திரும்பி வாற எண்ணம் இருக்கோ?"

வழமைபோல, வருகிற ஆவணிக்கு வரப் பார்க்கிறோம் என்றோம்.

"அப்ப நான் கிடங்கை அங்கால வடக்கு வேலிப் பக்கம் வெட்டுறன்" என்று சொல்லிவிட்டு, இங்கே குளிர் எப்படி என்று விசாரித்தார்.