விலையில்லா இசையும் கேட்பவர் கடனும்

ஸ்லைடு கிட்டாரில் இடக்கை விரல்கள் மெட்டுகளை அழுத்துவதில்லை. வழுவழுப்பான ஒரு தண்டு தந்திகளின்மேல் வழுக்கிச் செல்ல, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே உள்ள வெளி முழுவதும் ஒலியாகிறது. ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய இம்முறையை இந்துஸ்தானி இசைக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர் பிரிஜ்பூஷண் காப்ரா. ரை கூடருடன் சேர்ந்து செய்த பதிவுக்காக விஸ்வமோகன் பட் 1994இல் கிராமி விருது பெற்றார். தமிழகத்தில் இதே முறையில் இயங்குவது கோட்டுவாத்தியம் எனப்படும் சித்திரவீணை. இருபத்தொரு தந்திகளும் மெட்டில்லாத தண்டியும் கொண்ட இக்கருவியைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர் திருவிடைமருதூர் சகாராம ராவ்.

வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் கிடைக்கும் அளவுக்கு இக்கருவிகளுக்கு மேடைகள் கிடைப்பதில்லை. அதனால் எந்த நிறுவனத்தையும் சாராத கலைஞர்கள் வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து, இணையத்தில் விலையின்றி வைக்கிறார்கள். வைகையின் வடபுறம் திண்டுக்கல் சாலையை ஒட்டியுள்ள விளாங்குடியில் இருக்கும் ஒரு மாணவரும், கைப்பேசி இருந்தால், அந்த வாசிப்பை முழுமையாகக் கேட்கலாம். இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. கலையை விலையின்றித் தருவது தகுமா? அப்படிப் பெற்றவருக்குக் கடன் ஏதும் உண்டா? 2011இல் விளாங்குடி இணைந்த மதுரை மாநகரம் இக்கேள்விகளைத் தன் புராணங்களில் நெடுங்காலமாகச் சுமந்துவருகிறது.

விறகு விற்ற படலம் முதல் கேள்வியைத் தொடுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், வரகுண பாண்டியன் அவைக்கு வந்த ஏமநாதன் என்ற இசைவாணனை எதிர்த்துப் பாடும் பொறுப்பு பாணபத்திரர்மீது விழுகிறது. அவர் ஆலவாய் இறைவனிடம் முறையிடுகிறார். இறைவன் விறகுச் சுமையோடு தெருவில் இறங்கி, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சாதாரிப் பண்ணைப் பாடுகிறான். தான் பாணபத்திரரிடம் கற்க வந்து, தகுதியில்லை என்று தள்ளப்பட்டவன் என்றும் சொல்லிக்கொள்கிறான். ஏமநாதன் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போகிறான். இந்த லீலை ஆவணி மூலத் திருவிழாவில் மதுரையில் இன்றும் நடத்தப்படுகிறது. அங்கே விலை சொல்லப்பட்டது விறகுக்கு மட்டுமே. பாட்டுக்கு விலையும் இல்லை; பாடியவன் தன் பெயரையும் சொல்லவில்லை. இசையைத் தெருவில் வைத்துக் கொடுப்பது இசைக்கு இழுக்கல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று சைவ மரபில் தேட வேண்டியதில்லை.

ஆனால் புராணம் அத்தோடு நிற்கவில்லை. அடுத்து வருவது திருமுகம் கொடுத்த படலம். பாணபத்திரரின் வறுமையைத் தீர்க்க அதே இறைவன் சேரமான் பெருமாளுக்கு ஒரு திருமுகம் எழுதி, அவருக்குப் பொருள் கொடுக்கச் சொல்கிறான். பதினோராம் திருமுறையின் முதற்பாடலாக வைக்கப்பட்டிருப்பது அந்தத் திருமுகப் பாசுரம்தான். சேரமான் தன் செல்வம் முழுவதையும் காட்டிக் கொடுக்க முன்வருகிறார்; பாணர் தமக்கு வேண்டிய அளவே எடுத்துக்கொள்கிறார். தான் விலையின்றிப் பாடிய இறைவன், பாணனின் வயிறு காய்வதை மட்டும் ஏற்கவில்லை. இசைக்கு விலை வேண்டாம் என்பதும், இசைஞனுக்குப் பிழைப்பு வேண்டும் என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்று இவ்விரு படலங்களும் சேர்ந்து சொல்கின்றன.

பெரிய புராணம் இதை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆலவாய்க் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று யாழ் இசைக்கிறார். அவரை உள்ளே அழைத்துவரும்படி இறைவன் அடியார்களுக்கு ஆணையிடுகிறான். உள்ளே தரையில் அமர்ந்து வாசிக்கும்போது, ஈரம் தாக்கினால் யாழின் நரம்பு தளர்ந்துவிடும் என்று பொற்பலகை இடச் சொல்கிறான். வாயிலுக்கு வெளியே நின்ற இசை உள்ளே வந்தது ஓர் அறம். வந்த இசைக்குக் கீழே பலகை இட்டது மற்றோர் அறம். இணையத்தில் விலையின்றிப் பகிர்வது முதல் அறத்தை நிறைவேற்றுகிறது. பலகை இடுவதோ கேட்பவரின் வேலை.

ஸ்லைடு கருவிகளுக்கு இந்தப் பகிர்வு கூடுதலாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பாட்டு யாழில் அடங்காமல் போனதால் யாழ்ப்பாணர் யாழையே முறிக்கப் போனார் என்பது வரலாறு. நரம்புக்கு ஒரு சுரமாகக் கட்டப்பட்ட யாழில் கமகங்கள் அடங்கவில்லை என்று இசை ஆய்வாளர்கள் இதை விளக்குவதுண்டு. அங்கே யாழுக்கு நேர்ந்தது இன்று சுரக்குறிப்புக்கு நேர்கிறது. ஸ, ரி என்று தாளில் எழுதலாம்; தண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்த வேகத்தில் வழுக்கியது, எங்கே தயங்கியது என்பதை எழுத முடியாது. குரு அருகில் இல்லாத மாணவருக்குப் பதிவுதான் பாடநூல். ஆகவே பதிவைத் தருவது பொழுதுபோக்கைத் தருவதோடு நில்லாமல் கல்வியைத் தருவதாகவும் ஆகிறது. சங்ககாலப் பாணர்களிடம் இதற்கு முன்மாதிரி உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்ற பாணன், வழியில் காணும் வறிய பாணனுக்கு வள்ளலின் ஊரையும் செல்லும் வழியையும் சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. தான் கண்டடைந்த வழியை மறைக்காமல் அடுத்தவருக்குக் காட்டுவது அந்தக் குலத்தின் ஒழுக்கமாகவே இலக்கியத்தில் நிலைபெற்றது.

பகிர்ந்தால் பொருள் குறையாதா என்ற ஐயத்துக்கு உலவாக்கோட்டை அருளிய படலம் விடை தருகிறது. அடியார்களுக்கு உணவிட்டே வறுமையுற்ற அடியார்க்கு நல்லான் என்ற வேளாளருக்கு, எடுக்க எடுக்கக் குறையாத தானியக் கோட்டையை இறைவன் அருளினான். ஒலிப்பதிவும் அத்தகையது, ஆயிரம் பேர் கேட்டாலும் ஆயிரத்தோராவது நபருக்கு முழுதாகவே இருக்கும். குறைவது வேறு: தேய்ந்து அறும் தந்தி, சாதகத்தில் கழியும் ஆண்டுகள், வாசிப்பவரின் உடல். பதிவு உலவாக்கோட்டை, பதிவு செய்தவர் அப்படியல்லர். இந்த வேறுபாட்டை மறப்பதால்தான், விலையின்றிக் கிடைப்பது செலவின்றி உண்டானது என்ற பிழை பிறக்கிறது.

கொடை என்றால் கொடுப்பவர் மனமொத்துக் கொடுத்திருக்க வேண்டும். கச்சேரியில் கலைஞர் அறியாமல் பதிந்ததைப் பரப்புவது கொடையில் சேராது. பிறர் பொருளை எடுத்து வழங்கினால் தானம் ஆகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துகலைஞர் உரிமை சேர்க்கப்பட்டது. அந்த உரிமை இப்போது 50 ஆண்டுகள் நீடிக்கும். 2002இல் வெளிவந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், எதைத் தருகிறேன், எதைத் தரவில்லை என்று கலைஞரே வரையறுத்துச் சொல்ல வழி செய்தன.

தியாகராஜர் அரசவையின் பரிசை மறுத்தவர். ஆனால் உஞ்சவிருத்தியில் வீதிதோறும் இட்ட அரிசியை ஏற்றார். அவர் மறுத்தது விலையை. ஊரின் அன்னத்தை அவர் மறுக்கவில்லை. இந்த வேறுபாடே கேள்வியின் முடிச்சை அவிழ்க்கிறது. விலை என்பது விற்பவர் குறிப்பது. ஆகவே விற்பவர் அதை விட்டுவிடலாம். கடன் என்பது பெற்றவர் உள்ளத்தில் பிறப்பது; அதை வேறு யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. அந்தக் கடனைத் தீர்க்கும் வழிகள் எளியவை: கலைஞரின் பெயரைச் சொல்லிப் பகிர்வது, இயன்றபோது பொருள் அனுப்புவது, ஊர்க் கோயில் விழாவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் அவரைத் தக்க சன்மானத்தோடு அழைப்பது, கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது. கொடுப்பவர் விலையை மறக்கலாம். பெறுபவர் பலகை இட மறக்கக் கூடாது.