நோயுற்ற துணைவருக்குத் துணையாய்



வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளிலே, வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்கிறார். நோயாளி ஒருவர், வைத்தியர் ஒருவர், மருந்து ஒன்று, பக்கத்திலே இருந்து அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்பவர் ஒருவர். முதல் மூன்றையும் எவரும் மறப்பதில்லை. நான்காமவரைத்தான் உலகம் கணக்கில் எடுப்பதில்லை. வாட்டின் வாசலிலே சுடுநீர்ப் போத்தலோடு காத்து நிற்கும் கணவனையும், கிளினிக் வாங்கிலே இருந்தபடியே கண்ணயரும் மனைவியையும் வள்ளுவர் வைத்தியரோடு ஒரே வரிசையிலே வைத்திருக்கிறார் என்பதை நினைக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடனே எங்கள் லயங்களிலே குரல் தாழ்ந்துவிடுகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் சேர்த்து மலை ஏறும்போதும் இறங்கும்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் தோட்ட மக்களிடையே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. இலங்கையிலே ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். பெண்களுக்கு மார்பகத்திலும் கர்ப்பப்பையின் வாயிலும் வருகிறது. நோய் வந்தபின், பசறையோ லுணுகலையோ மடுல்சீமையோ நமுனுகுலையோ, எந்த மலையிலிருந்தும் முதலில் பதுளை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். தேவையானால் மஹரகமைக்கும் அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சை இலவசம். ஆனால் பஸ் காசு இலவசமல்ல. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. இவற்றையெல்லாம் விடப் பெரிய சுமை ஒன்று உண்டு. வெட்டுவதா, கதிர்வீச்சுக்குக் கொடுப்பதா, ஊசி மருந்து ஏற்றுவதா, நாட்டு வைத்தியரிடம் போவதா, நேர்த்தி வைத்துவிட்டுப் பொறுத்திருப்பதா என்ற தீர்மானமே அது. அத்தீர்மானம் வந்து இறங்குவது பெரும்பாலும் துணைவரின் தலையிலேதான்.

இப்படி ஒரு சுமையைச் சுமந்தவர் அன்னை சாரதாதேவியார். பகவான் ஸ்ரீ ராமகிருஷ்ணருக்குத் தொண்டையிலே புற்றுநோய் கண்டது 1885 ஆம் ஆண்டு. ஆரம்பத்திலே அதிகம் பேசுவதால் வந்த தொண்டைப்புண் என்றே நினைத்தார்கள். பின்னர்தான் உண்மை தெரிந்தது. சிகிச்சைக்காகத் தட்சிணேசுவரத்தை விட்டுக் கல்கத்தாவின் சியாம்புகூரிலே ஒரு வாடகை வீட்டுக்கு அவரைக் கொண்டு வந்தார்கள். அவ்வீட்டிலே பெண்களுக்கென்று தனி இடம் இல்லை. ஆள் கண்ணில் படாமல் வாழ்ந்து பழகிய அன்னை அங்கே எப்படி இருப்பார் என்று சீடர்கள் யோசித்தார்கள். நிலைமை முழுவதையும் அவரிடம் சொல்லுங்கள், தெரிந்துகொண்டு வர விரும்பினால் வரட்டும் என்றார் பகவான். அன்னை வந்தார்.

அங்கே அவர் வாழ்ந்த விதத்தைப் படித்தால் லயத்துக் காம்பறாவிலே நோயாளியைப் பார்க்கும் பெண்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. வீட்டுக்கெல்லாம் ஒரே குளியலிடம். விடிய மூன்று மணிக்கு முன்னரே எழுந்து குளித்துவிட்டு, மாடிப்படியின் உச்சியிலே சுமார் நான்கு முழ அகலமுள்ள சிறிய இடத்துக்கு ஏறிப் போய்விடுவார். அங்கேயே பத்திய உணவு சமைப்பார். எல்லோரும் உறங்கிய பிறகே இறங்கி வந்து சில மணி நேரம் கண் மூடுவார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

1885 டிசம்பர் 11 ஆம் திகதி காசிப்பூர்த் தோட்ட வீட்டுக்கு மாறினார்கள். அங்கே நடந்த ஒரு சம்பவம் இன்றைக்கு நம் வீடுகளிலே நடக்கும் ஒரு வாக்குவாதத்துக்கு நேரடியான பதிலாக இருக்கிறது. நத்தைச்சாறு கொடுக்கவேண்டும் என்று வைத்தியத்தில் சொல்லப்பட்டது. குளத்துப் படித்துறையிலே ஊர்ந்து திரியும் உயிர்களை நசுக்க அன்னையின் மனம் ஒப்பவில்லை. தம்மால் முடியாது என்று சொன்னார். சாப்பிடப்போவது நான், எனக்காகச் செய் என்றார் பகவான். அதன் பின் அன்னை மனதைத் திடப்படுத்திக்கொண்டு அதைச் செய்தார்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் லயத்திலே முட்டைகூட அவிப்பதில்லை. நல்ல வழக்கம்தான். ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சையால் வாயெல்லாம் புண்ணாகி, உமிழ்நீர் வற்றி, எச்சில் விழுங்கவும் நோகும் ஒருவருக்கு முட்டையோ மீனோ கொடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருக்கும்போது, பத்து நாள் பொறுங்கள், கொடி இறங்கட்டும் என்று சொல்வது அம்மனுக்குச் செய்யும் மரியாதையல்ல. ஓர் உயிரை நசுக்கக் கை நடுங்கிய அன்னையே கணவரின் மருந்துக்காக அந்த நடுக்கத்தை அடக்கிக்கொண்டார். நோயாளிக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்துக்கொண்டால் காப்புக் கட்டியவரின் விரதத்துக்கும் பங்கம் வராது. பூசகர்மார் இதைச் சந்நிதியிலே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எத்தனையோ மருமக்கள் நிம்மதியடைவார்கள்.

இதே காசிப்பூரிலே இன்னொன்றும் நடந்தது. பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான படி ஏறும்போது அன்னை தலை சுற்றி விழுந்து, கணுக்கால் பிசகி, மூன்று நாள் எழ முடியாமல் போனார். அந்த மூன்று நாளும் வேறொரு அம்மையார் பகவானுக்கு உணவு ஊட்டினார். பராமரிப்பவரும் விழுவார் என்பதை அந்தப் படிக்கட்டு காட்டுகிறது. பக்கத்துக் காம்பறாக்காரர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கிறோம் என்று வாயால் சொல்வதைவிட, செவ்வாய்க்கிழமை கஞ்சி எங்கள் வீட்டிலிருந்து வரும் என்று நாள் குறித்துச் சொல்வது நூறு மடங்கு உதவி.

இனி நேர்த்தி பற்றி ஒரு சொல். கதிர்காமக் கந்தன் கோயில் கொண்டிருப்பது இந்த ஊவா மண்ணிலே. ஆகவே நோய் என்றதும் கதிர்காமத்துக்குக் காவடி, அம்மனுக்குத் தீச்சட்டி என்று மனம் ஓடுவது இயல்பு. அன்னை சாரதாதேவியாரும் ஓடினார். தாரகேசுவரத்துச் சிவன் கோயிலுக்குப் போய், கணவரின் நோய் தீரும்வரை எழுவதில்லை என்று அன்னம் தண்ணீர் இல்லாமல் வரங்கிடந்தார். ஒரு நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று. அன்றிரவு, அடுக்கி வைத்த மண்பானைகளிலே ஒன்றை யாரோ அடித்து உடைப்பதுபோல ஓர் ஓசை கேட்டு விழித்தார். யார் யாருக்குக் கணவர், யாருக்காக இந்த உயிரை விடப்போகிறோம் என்ற எண்ணம் உள்ளே எழுந்தது. இருட்டிலே தடவிப் போய்த் தண்ணீர் எடுத்து முகத்திலே தெளித்துக்கொண்டு எழுந்துவிட்டார். காசிப்பூருக்குத் திரும்பியபோது, ஏதும் கிடைத்ததா என்று பகவான் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் அன்னைக்கு வைராக்கியம் பிறந்த இடம் இது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிது. வைராக்கியம் பிறந்தது என்று வனத்துக்குப் போகவில்லை, பழைய அடுப்படிக்கே திரும்பி வந்து கஞ்சி காய்ச்சினார். நோய் தீரவேண்டும் என்ற பிடிவாதம் போயிற்று, நோயாளியைப் பார்க்கும் கடமை போகவில்லை. அவர் வரங்கிடந்த நாளிலும் காசிப்பூரிலே வைத்தியத்தை யாரும் நிறுத்தவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். காவடி எடுக்கலாம், கிளினிக் திகதியைத் தவறவிடக் கூடாது. கதிர்வீச்சு என்றால் பொதுவாகக் கிழமைக்கு ஐந்து நாள் என்று பல கிழமைகள் தொடர்ந்து நடக்கும். இடையிலே விட்டுவிட்டால் அதன் பலன் குறையும். முருகன் அடுத்த ஆடியிலும் கதிர்காமத்திலேதான் இருப்பான்.

கணவனுக்கு வந்த நோயிலே வைத்தியம் தெரிவு செய்யும் பொறுப்பு ஒரு மனைவிக்கு வந்த கதை நமது பெரியபுராணத்திலேயும் உண்டு. பாண்டியன் நின்றசீர் நெடுமாறனுக்கு வெப்பு நோய் கண்டு, அரண்மனையிலே செய்த பரிகாரம் ஒன்றும் பலிக்காமல் அவன் துடித்தபோது, மங்கையர்க்கரசியார் அமைச்சர் குலச்சிறையாரோடு கலந்து, திருஞானசம்பந்தரை அழைக்கலாம் என்று அரசனிடம் எடுத்துச் சொன்னார். சொன்னாரேயொழிய, அவனுக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை. அரசன் தன் வாயால் சம்மதித்த பிறகே பிள்ளையார் வந்து திருநீறு இட்டார். மூன்று விடயங்கள் அங்கே இருக்கின்றன: தனியாக முடிவெடுக்காமல் நம்பிக்கையான ஒருவரோடு கலந்தது, நோயாளியிடமே பேசியது, அவர் சம்மதத்தைக் கேட்டது. திருநீற்றுப் பதிகம் பிறந்த இந்த வரலாற்றைக் காட்டி, திருநீறு போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்வோரும் அங்கங்கே இருக்கிறார்கள். சம்பந்தப் பெருமான் தம் கையால் இட்ட நீற்றையும் நமது அவசரத்தையும் ஒன்றாக்கலாகாது. நெற்றியிலே நீறு பூசிக்கொண்டே சத்திரசிகிச்சைக்குப் போகலாம், எந்த டொக்டரும் தடுக்கமாட்டார்.

சம்மதம் என்றதும் இன்னொன்று சொல்லவேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலே கையொப்பம் கேட்கும் படிவம் பல வேளைகளிலே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். விளங்காமலே கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்து, என்ன சொன்னார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நிலை மாறவேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், அம்மாவுக்குப் புற்றுநோய் என்று அந்தப் பிள்ளையின் வாயாலேயே மொழிபெயர்க்க வைப்பது கொடுமை. சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். இது என்ன நோய், எந்த அளவில் இருக்கிறது, இந்தச் சிகிச்சையால் குணமாகுமா அல்லது வேதனை மட்டும் குறையுமா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நோயாளிக்கே நோயை மறைப்பதும் நம்மிடையே உள்ள வழக்கம். அன்பினாலே செய்வதுதான். ஆனால் பகவானும் அன்னையும் மறைத்துப் பேசியவர்கள் அல்லர். யார் கையாலும் வாங்கி உண்ணும் காலமும், கல்கத்தாவிலே இரவு தங்கும் காலமும் வந்தால் தாம் உடலை விடும் நாள் கிட்டிவிட்டது என்று அறிந்துகொள் என, நோய் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே அவர் அன்னையிடம் சொல்லி வைத்திருந்தார். அவை ஒவ்வொன்றாக நடந்தபோது அன்னை அறிந்துகொண்டார். கணவனும் மனைவியும் சுகமாயிருக்கும் நாளிலே ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து இவற்றைப் பேசி வைப்பதை அபசகுனம் என்று எவர் சொல்வார்?

சில வேளைகளிலே போதும் என்று நோயாளியே சொல்வார். ரமண மகரிஷிகளின் இடது கையிலே புற்றுக்கட்டி வந்தபோது 1949 ஆம் ஆண்டிலே நான்கு முறை சத்திரசிகிச்சை செய்தார்கள். அவற்றை ஏற்றுக்கொண்டவர், கையையே எடுத்துவிடலாம் என்று வைத்தியர்கள் சொன்னபோது வேண்டாம் என்றார். 1950 ஏப்ரல் 14 ஆம் திகதி மகாசமாதியடைந்தார். பயத்தினாலே முதல் நாளே ஆஸ்பத்திரியை விட்டு ஓடி வருவது வேறு, செய்யக்கூடியதைச் செய்த பிறகு போதும் என்பது வேறு. எது எது என்று பிரித்து அறிய, பக்கத்திலே பல காலம் படுத்து எழுந்த துணைவருக்குத்தான் முடியும்.

இதுவரை சொன்னது பெண்களுக்கு மட்டும் என்று ஆண்கள் மலரை மூடிவிடலாகாது. மனைவிக்கு மார்பிலே கட்டி என்றதும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருந்துவிடும் ஆண்கள் சிலர் இருக்கவே செய்கிறார்கள். அர்த்தநாரீசுவரரைக் கும்பிடுபவன் செய்யும் காரியமா இது? தண்ணீர் பிடிப்பதும் சோறு குழைத்துக் கொடுப்பதும் புண் கழுவுவதும் ஆண் கைக்கும் வரும். நோய் முற்றாமல் கண்டுபிடிக்கவும் ஆணின் ஒத்தாசை வேண்டும். பெண்களுக்கென்று சுவநாரி கிளினிக்குகள் 1996 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டன. முப்பத்தைந்து வயதானவளை அங்கே போய் வா என்று சொல்லி, அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவனே நல்ல கணவன். வாயிலே வெள்ளைத் திட்டோ, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் அவனும் காட்டிக்கொள்ளவேண்டும்.

1886 ஆகஸ்ட் 16 ஆம் திகதி அதிகாலையிலே பகவான் மகாசமாதியடைந்தார். வழக்கப்படி அன்னை தம் கை வளையல்களைக் கழற்றத் தொடங்கினார். அப்போது பகவான் நோயில்லாத பழைய உருவத்தோடு முன்னே தோன்றி அவர் கையைப் பற்றித் தடுத்தார் என்றும், நான் எங்கும் போய்விடவில்லை என்று உணர்த்தினார் என்றும் அன்னையின் வரலாறு சொல்கிறது. நம் கோயில்களிலே, கணவனுக்குக் கடைசி நாள்வரை கஞ்சி ஊட்டிய பெண்ணைத்தான் அடுத்த திருவிழாவிலே விளக்கேற்றக் கூப்பிடத் தயங்குகிறார்கள். அன்னை சாரதாதேவியார் அதன் பின் ஏறத்தாழ 34 ஆண்டுகள், 1920 ஜூலை 20 ஆம் திகதி வரை, கையிலே வளையலோடும் மெல்லிய சிவப்புக் கரையிட்ட சேலையோடும் வாழ்ந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு உபதேசம் செய்தார்.