மரமும் முகமும்

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையின் அடிவாரத்தையொட்டி அரும்பாவூர் என்றோர் ஊர் உளது. வாகை, வேம்பு, மா முதலிய மரங்களை ஒரே கட்டையாக எடுத்து உருவம் செதுக்கும் சிற்பிகளால் பெயர் பெற்ற ஊர் அது. 2020ஆம் ஆண்டில் அவர்களுடைய மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் தேருக்கும் வாகனத்திற்கும் உருவம் தரும் அதே உளி, நகரத்து வீட்டுக் கூடத்தில் அழகுக்காக வைக்கும் உருவத்தையும் செதுக்குகிறது. மரம் ஒன்று, கையும் ஒன்று, ஆயினும் இரண்டும் ஒரே பொருள்தானா?

அவ்வுருவங்களை வணங்காத நமக்கு விடை எளிதாகத் தோன்றும். இரண்டும் மரமே என்போம். ஆனால் அது நம் நம்பிக்கையைப் பற்றிய செய்தியே அன்றி, அடுத்த வீட்டாருக்கு அப்பொருள் யாது என்பதற்கு விடையாகாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியாவிலும் ஐவரி கோஸ்டிலும் வாழும் டான் மக்கள் மரத்தால் முகமூடி செய்கின்றனர். காட்டில் உருவமின்றி உலவும் ஆவி, ஒருவர் கனவில் தோன்றித் தனக்கோர் உருவம் கேட்கும் என்பதும், அதன் பின்னரே உளி எடுக்கப்படும் என்பதும் அவர்தம் கொள்கை. மர முகம் மட்டும் அந்த ஆவி அன்று. உடையும், ஆட்டமும், மாறிய குரலும் கூடினால்தான் அது வந்ததாகக் கொள்வர். வழக்கைத் தீர்க்கும் முகமூடி உண்டு. பந்தயம் ஓடும் முகமூடி உண்டு. வறண்ட பருவத்தில் காற்று வலுக்குமுன் அடுப்புகள் அணைந்தனவா என்று வீடுதோறும் பார்த்து வருவதற்கென்றே ஒன்று உண்டு! மேலைநாட்டு அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளில் இருப்பதோ பெரும்பாலும் முகம் மட்டுமே. அதனைச் சீரிய கலை என்று புகழ்கின்றனர். புகழ்ச்சி பொய்யன்று. எனினும், ஊர்க் காவலரைக் கண்டு, 'மூக்கு எத்துணை அழகு!' என்று வியந்து நிற்பதை அது ஒத்ததன்றோ?

இவ்வியப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய ஆப்பிரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி களவு போயிற்று. 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதனை ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. உடன் வந்த உரிமைச் சான்றுகள் போலியானவை. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

பூட்டிக் கிடந்த கோயிலில் அச்சிலையால் யாருக்கு என்ன பயன், கண்டோர் மகிழும் கூடத்தில் இருந்தால் தீதென்ன என்று வாதிடுவோர் உளர். பூட்டிய வீட்டுப் பொருள் ஆளற்ற பொருளாகிவிடாது. அமானிதம் இன்னதென்று அறிந்த நமக்கு இது புதிதன்று. 'வெறும் உலோகம்' என்பவரும் 'உயர்ந்த கலை' என்பவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றுகிறது. ஆனால், 'இது யாருடையது?' என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை. அரும்பாவூரில் ஓர் உருவத்தை விலைக்கு வாங்குபவர், அதைச் செதுக்கியவரிடமிருந்து அவர் மனமொப்பிப் பெறுகிறார். ஸ்ரீபுரந்தானின் திருமேனிக்கு விலை சொல்ல எவருக்கும் உரிமை இருந்ததில்லை.