பெயரை விட்டுப் பார்ப்பது

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், அறிவைப் பெறும் வழிகளான அளவைகள் இரண்டே என்கிறார்: காட்சி, கருத்தளவு (அனுமானம்). காட்சியைச் சுட்டுணர்வு என்று குறித்து, பெயர், சாதி, குணம், தொழில் என்ற நான்கும் அதில் சேராதவை என்று விலக்குகிறார். காஞ்சியை அடுத்துப் பிறந்தவர் என்று மரபு சொல்லும் பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகரின் பள்ளிக்கு மிக நெருக்கமான கொள்கை இது. இலக்கணத் தத்துவஞானி பர்த்ருஹரியோ சொல் ஊடுருவாத அறிவே உலகில் இல்லை என்றார். பெயர் இல்லாமல் பார்க்க மனிதனால் முடியுமா? நூற்றாண்டுகளாக நீளும் இந்த வழக்கில் இதுவரை யாரும் அழைக்காத ஒரு சாட்சி உண்டு என்று நினைக்கிறேன். அது பென்சில்.

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் காய்கறிக் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே வாங்கிய ஒரு கத்தரிக்காயையும் வீட்டிலிருக்கும் ஒரு கிண்ணத்தையும் மேசையில் வைத்து வரைவதை ஓவிய மாணவர்கள் 'ஸ்டில் லைஃப்' என்பார்கள். புதிதாக வரைகிறவர் கிண்ணத்தின் வாயை இருக்க வேண்டியதைவிட வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போடுவார். கண் அப்படிக் காட்டவில்லை. வாய் வட்டம், அடி தட்டை என்று அவருக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் தாளில் இறங்குகிறது. 1979இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் இதற்கு ஒரு பயிற்சி சொன்னார். பிக்காசோ வரைந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் உருவத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையச் செய்தார். நேராக வைத்து வரைந்தபோது தடுமாறியவர்கள் தலைகீழாக வரைந்தபோது தேறினார்கள் என்கிறார். கை என்றோ மூக்கு என்றோ அடையாளம் காண முடியாதபோது கோடு கோடாகவே தெரிகிறது. வரைவதைக் கெடுத்தது விரலின் திறமைக்குறைவு மட்டுமல்ல, முந்திக்கொண்ட பெயரும்தான்.

இதற்கு வலுவான மறுப்பு கலை வரலாற்றாசிரியர் கோம்ப்ரிச்சிடமிருந்து வருகிறது. கற்றவை எதுவும் படியாத வெறுங்கண் என்று ஒன்று கிடையாது, ஓவியர் முதலில் தனக்குத் தெரிந்த வடிவத்தைப் போட்டுவிட்டுப் பிறகுதான் பொருளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார் என்று 1960இல் அவர் வாதிட்டார். இது உண்மை, இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பென்சில் திக்நாகருக்கு முழு வெற்றி தருவதில்லை. பெயரற்ற காட்சியை அவர் அறிவின் முதற்கணத்தில் வைத்தார். வரைபவருக்கோ முதற்கணத்தில் கிடைப்பது பெயர்தான். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலை நிறுத்தி அளந்து, அழித்து, மறுபடி போட்ட பிறகே காட்சி கொஞ்சங்கொஞ்சமாக வந்து சேர்கிறது. அளவும் சாய்வும் கருத்துகள்தானே என்று கேட்கலாம். கருத்துகள்தான். ஆனால் கத்தரிக்காய் என்ற பெயர் பார்வையை முடித்துவைக்கிறது. எவ்வளவு சாய்வு என்ற கேள்வி மறுபடி பார்க்கச் சொல்கிறது. ஆகவே சுட்டுணர்வு பிறப்பிலேயே கிடைத்த சொத்து அன்று, உழைத்து ஈட்டுவது என்பதே என் தீர்ப்பு. சுட்டுணர்வு அளவையியலைவிட்டுச் சமயத்துக்குள் நுழையும் இடமும் இதுவே. தான் அறிந்ததைத் தானே சந்தேகித்து, அதை விட்டுவிடுவது தவத்தின் வேலை.

கேமரா ஒரு நொடியில் செய்வதற்கு இத்தனை பாடு எதற்கு? கேமராவுக்கு விடுவதற்குப் பெயரே இல்லை; அது எடுக்கும் படத்தால் யாருடைய பார்வையும் திருந்துவதில்லை. அதோடு, டிசம்பர் கடைசியில் ஒஸ்லோவில் பகல் ஆறு மணி நேரம்கூட முழுதாக இல்லை. தாழ நகரும் வெயிலில் நிழல் நீண்டு நகர்ந்துகொண்டே போகும். காலையில் கறுத்திருந்த பக்கம் நண்பகலில் வெளுக்கும். அசையாப் பொருள் அசையாமலே மாறுகிறது. எல்லாம் கணந்தோறும் மாறுகின்றன என்ற பௌத்தக் கொள்கையைக் கேட்டுத் தலையாட்டுவது எளிது. போட்ட நிழலை அழிக்க நேரும்போதுதான் அது உறைக்கிறது.

உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றிய பழைய அச்சமும் உண்டு. குறொன்லாண்டில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரில்லாதவற்றையும் வரைந்துகொள் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்னதாக ஒரு ஹதீஸ் இருக்கிறது. நம் கோயில்களில் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்த பிறகே வழிபாடு. கிண்ணத்துக்கு அந்தச் சடங்கும் வேண்டாம், அந்த அச்சமும் வேண்டாம்.

எனக்குப் பெரிதாகப் படும் மறுப்பு வேறு. வெளியே மனிதர்கள் இருக்க, காயை உற்றுப் பார்ப்பது எந்த அறத்தில் சேரும்? குறொன்லாண்டின் தெருவில் சோமாலி, பாகிஸ்தானி, தமிழர் என்று முகத்தைப் பார்க்குமுன்பே பெயர் ஒட்டிவிடுகிறது. மணிமேகலை விலக்கச் சொன்ன நான்கில் முதல் இரண்டும் அங்கே ஒரே நொடியில் வேலை செய்கின்றன. வரையத் தெரிந்தவர் நல்லவராகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. கொடுமைக்காரர்களான ஓவியர்கள் இருந்திருக்கிறார்கள். பெயர் முந்திக்கொண்டதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் பென்சிலால் வரும், அவ்வளவே. ஆளைப் பார்க்கும்போது அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் அவரவர் கையில்.

ஒஸ்லோவில் இருப்பவர்கள் இந்தக் குளிர்காலத்தில் ஒரு முறை வரைந்து பாருங்கள். மின்விளக்கு வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். பத்து மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். டிசம்பர் கடைசியில் மூன்றரைக்குள் சூரியன் மறைந்துவிடும்.